எழுதி வைத்ததால் வந்த வழக்கு

வழக்குக்குக் காரணம் ஒரே ஒரு ஃபைல். சில நூறு வரிகள், எளிய ஆங்கிலம். நோட்பேடில் திறந்தாலே படித்துவிடலாம். அதை முன்னிட்டு இரண்டு நிறுவனங்கள் ஆர்பிட்ரேஷனுக்கு வந்தன, சரக்கு ஏற்றிய ஒரு லாரி எல்லையில் நின்றது, வழக்கில் கட்சியாகவே சேர்க்கப்படாத ஒரு பெண்ணின் வேலை அந்தரத்தில் தொங்கியது. ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 42ஏ பிரிவு நடவடிக்கைகளை ரகசியமாகக் காக்கச் சொல்வதால் பெயர், ஊர், தொகை எதுவும் இதில் இராது. ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். வாதங்களில் கை வைக்கவில்லை.

என் கட்சிக்காரர் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம். கொங்குப் பகுதியில் பார்சல் லாரித் தொழில் நடத்தும் ஒரு கம்பெனிக்கு புக்கிங், லாரி ரசீதான எல்ஆர், சரக்கோடு போக வேண்டிய இ-வே பில், வாடகைக் கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் மென்பொருளைச் செய்து கொடுத்திருந்தார்கள். வேலை முடிந்ததும் ‘சோர்ஸ் கோடையும் ஆவணங்களையும்’ ஒப்படைக்க வேண்டும், ஒப்படைத்ததும் கடைசித் தவணை கிடைக்கும் என்பது ஒப்பந்தம். ஒப்படைத்தார்கள். ஆவணம் முழுமையாக வரவில்லை என்று சொல்லி லாரி கம்பெனி தவணையை நிறுத்தியது. பராமரிப்பு வேலையையும் வேறொரு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டது. பணம் கேட்டு நாங்கள் போனோம், நஷ்டஈடு கேட்டு அவர்கள் எதிர்வழக்குப் போட்டார்கள். இதுவரை எந்த வக்கீலும் தூக்கத்தில்கூட நடத்தக்கூடிய வழக்குதான்.

புதிதாக இருந்தது, வராமல் போன அந்த ஆவணம் என்ன என்பது. என் கட்சிக்காரரின் ஆபீசில் கோடு எழுதுவதில் பெரும்பகுதியைச் செய்தவை ஏஐ ஏஜென்ட்கள். வெவ்வேறு கம்பெனிகளின் இரண்டு ஏஜென்ட்கள்: ஒன்று எழுதும், மற்றது எழுதியதைச் சரிபார்த்துச் சோதனை ஓட்டும். இவற்றுக்கு நேற்றைய பேச்சு இன்று நினைவில் இராது. ஒவ்வொரு அமர்வும் வெற்றுத் தாளில்தான் தொடங்கும். ஆகவே தொடங்கும்போதே படித்துக்கொள்ள ஒரு குறிப்பு ஃபைலைத் திட்டத்தின் ஃபோல்டரில் வைப்பது வழக்கம். சிக்கல் என்னவென்றால், அந்த ஃபைலுக்கு ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு பெயரை எதிர்பார்க்கும். ஒன்றுக்குச் சொன்னது மற்றதற்குத் தெரியாது. அந்தத் திட்டத்தைக் கவனித்த இளம் பெண் பொறியாளர், எல்லாவற்றையும் ஒரே பொது ஃபைலில் எழுதி, இரு கருவிகளும் தேடும் பெயர்களில் ஆளுக்கொரு ஒற்றை வரி வைத்தார்: பொது ஃபைலைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்கு. ஆபீசில் அதை ‘கான்டெக்ஸ்ட் ஃபைல்’ என்றார்கள்.

கோடு ‘எப்படி’ நடக்கிறது என்பதை கோடே சொல்லிவிடும். ‘ஏன்’ அப்படி நடக்கிறது என்பதை இந்த ஃபைல்தான் சொன்னது. ‘டு-பே’ சரக்கில் வாடகையைக் கொடுப்பது பெற்றுக்கொள்பவர். ரிவர்ஸ் சார்ஜ் முறையில் வாடகை கொடுக்கும் தரப்பே ஜிஎஸ்டி கட்ட வேண்டியிருப்பதால், அனுப்புபவரின் பில்லில் வரியை ஏற்றாதே. இ-வே பில்லுக்கான மதிப்பு வரம்பு இரண்டு இடங்களில் இரண்டு தொகையாக இருக்கும், அது பிழையல்ல, தொடாதே: மாநிலம் தாண்டும் சரக்குக்கு 50,000 ரூபாய், தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்குக்கு 1 லட்சம். இப்படிப் பல வரிகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தவறோ, ஒரு தொலைபேசி அழைப்போ இருந்தது.

ஒப்படைத்தபோது கோடு முழுவதும் போனது, பொது ஃபைல் போகவில்லை. அது முதலிலிருந்தே ஆபீசின் சொந்த ஃபோல்டரில் இருந்தது; கோடின் களஞ்சியத்தில் அதைச் சேர்த்ததே இல்லை. “அது எங்கள் ஆள் எங்கள் மெஷினுக்கு எழுதிய குறிப்பு சார், டெலிவரி இல்லை” என்றார் என் கட்சிக்காரர். புதிய நிறுவனத்திலும் ஏஜென்ட்தான் வேலை செய்தது. திரும்பத் திரும்ப வரும் விஷயங்களை ஒழுங்குபடுத்து என்று சொன்னபோது, ஒரே பெயரில் இரு இடங்களில் இரு தொகைகள் இருப்பதை அது பார்த்தது. நல்ல குமாஸ்தா செய்வதைச் செய்தது. இரண்டையும் 1 லட்சமாக்கிவிட்டது. சில நாளில், அறுபதாயிரத்துச் சொச்சம் மதிப்புள்ள சரக்கு இ-வே பில் இல்லாமல் கேரளாவுக்குப் போய் பறக்கும் படையிடம் மாட்டியது. ஜிஎஸ்டி சட்டத்தின் 129-ஆம் பிரிவில் இப்படிப் பிடிபட்ட சரக்கை உரிமையாளர் விடுவிக்க வேண்டுமானால் செலுத்த வேண்டிய வரியைப் போல் இரு மடங்கு அபராதம். சரக்குக்காரர் லாரி கம்பெனியைப் பிடித்தார், லாரி கம்பெனி எங்களைப் பிடித்தது.

எதிர்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். அந்த ஃபைல் ஆவணமே அல்ல, சோர்ஸ் கோடு என்று தொடங்கினார். பதிப்புரிமைச் சட்டத்தின் 2(எஃப்எஃப்சி) பிரிவு கணினி நிரலை வரையறுக்கும்போது, சொற்களிலோ குறியீடுகளிலோ வேறெந்த வடிவிலோ அமைந்த, ஒரு கணினியைக் குறிப்பிட்ட வேலையைச் செய்ய வைக்கக்கூடிய கட்டளைத் தொகுதி என்கிறது. கணினிக்குச் சொற்களால் கட்டளையிடும் காலம் வரும் என்று அந்த வரியை எழுதியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் வரி அதற்கு இடம் கொடுக்கிறது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் என்ன, ஏஜென்ட் அதைப் படித்து அதன்படி நடக்கிறதே, இது நிரல் இல்லையென்றால் எது நிரல் என்று கேட்டார்.

செய்ய ‘வைக்கக்கூடிய’ என்பதுதான் அந்த வரையறையின் அச்சாணி என்று நான் பதில் சொன்னேன். நிரல் கட்டளையிடுகிறது, கணினிக்கு மறுக்க வழியில்லை. இந்தக் குறிப்போ கேட்டுக்கொள்கிறது, ஏஜென்ட் அதைப் பின்பற்றலாம், பாதியில் விட்டுவிடவும் செய்யலாம். நடுவர் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. எதையும் கண்ணால் பார்க்காமல் நம்பாதவர். ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 26-ஆம் பிரிவில் ஒரு நிபுணரை நியமித்து அதே வேலையைச் செய்து காட்டச் சொன்னார். ஃபைல் இல்லாமல் ஓட்டியபோது ஏஜென்ட் இரு வரம்புகளையும் ஒன்றாக்கியது. ஃபைலோடு ஓட்டியபோது தொடவில்லை. எதிர்தரப்பு முகம் மலர்ந்தது. ஃபைல் இல்லாமலே இன்னொரு முறை ஓட்டச் சொல்லிக் கேட்டேன். இம்முறை அது ஒன்றாக்கவில்லை; இரு தொகைகள் இருக்கின்றன, உறுதிப்படுத்தவும் என்று ஒரு குறிப்பு மட்டும் போட்டது. சோர்ஸ் கோடு என்ற வாதம் அங்கே நின்றுபோனது. ஆனால் நான் ஜெயித்தது பாதிதான்: ஃபைல் இல்லாவிட்டால் முடிவு அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்பதையும் அதே சோதனை காட்டிக்கொடுத்துவிட்டது.

இரண்டாவது வாதம் ‘ஆவணங்கள்’ என்ற சொல்லின் மேல் வந்தது. நாங்கள் ஒப்படைத்த கோடிலேயே அந்த இரண்டு ஒற்றை வரி ஃபைல்களும் இருந்தன. அவற்றை நீக்க யாருக்கும் தோன்றவில்லை. எதிர்தரப்பு வக்கீல் அந்த வரியைத் திரையில் போட்டுக் காட்டி, சொத்து விவரம் தபசிலில் கண்டபடி என்று பத்திரம் எழுதிவிட்டு தபசிலை மட்டும் கிழித்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அரை நூற்றாண்டு பத்திரங்களோடு பழகிய நடுவரிடம் இதைவிடச் சரியாக எதையும் சொல்லியிருக்க முடியாது. அவர் என் பக்கம் திரும்பி ஒரே கேள்விதான் கேட்டார்: “இந்த ஃபைல் இல்லாமல், தொழில் தெரிந்த ஒரு பொறியாளர் இந்த மென்பொருளைப் பாதுகாப்பாகப் பராமரிக்க முடியுமா?” முடியும், ஆனால் எல்லாவற்றையும் மறுபடி விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகு, என்றேன். அது ‘இல்லை’ என்பதன் மரியாதையான வடிவம் என்று இருவருக்கும் தெரியும்.

எங்களிடம் இருந்த வலுவான வாதம் வேறு. அந்த ஃபைலில் லாரி கம்பெனியின் விஷயம் மட்டும் இல்லை. வேறொரு வாடிக்கையாளரின் திட்டத்தில் நேர்ந்த தவறைப் பெயரோடு சொல்லி, அதை இங்கே செய்யாதே என்ற வரிகள் இருந்தன. எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவாக என் கட்சிக்காரர் உருவாக்கிய வேலைமுறை இருந்தது: இரு ஏஜென்ட்களுக்குள் வேலையை எப்படிப் பிரிப்பது, எதை மனிதர் பார்க்காமல் சேர்க்கக் கூடாது, எந்தச் சோதனை தோற்றால் எங்கே நிறுத்துவது. ஒரு வாடிக்கையாளரின் ரகசியத்தை இன்னொருவரிடம் கொடுப்பது ஒப்பந்த மீறல். பிழைப்புக்கு ஆதாரமான வேலைமுறையைக் கொடுப்பது தொழிலையே கொடுப்பது. ஏஜென்ட்டுக்கு எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் வசதி என்பதால்தான் இவை ஒன்றாகச் சேர்ந்தன. யாருடைய சொத்து எது என்று எழுதும்போது யாரும் யோசிப்பதில்லை.

லாரி கம்பெனி முதலாளியை நான் குறுக்கு விசாரணை செய்தேன். மென்பொருள் நிறுவனத்தின் அறிவை இனாமாகக் கேட்கிறார் என்று நிறுவுவது என் திட்டம். அவர் நிதானமாகச் சொன்னார்: “அந்த ரெண்டு தொகையும் நான்தானுங்க அந்தப் பொண்ணுக்கு போன்ல சொன்னேன். டு-பே வெவகாரமும் எங்க புக்கிங் கிளார்க் சொன்னதுதானுங்க. எங்ககிட்ட கேட்டு எழுதினதை எங்ககிட்டயே குடுக்க மாட்டேன்னா எப்படிங்க?” அடுத்த கேள்வியை நான் கேட்கவில்லை. அறிவு அவருடையது, அதை வரிசைப்படுத்தி எழுதிய உழைப்பு அந்தப் பெண்ணுடையது, சம்பளம் கொடுத்தது என் கட்சிக்காரர். சட்டமோ ஒரு ஃபைலுக்கு ஒரு சொந்தக்காரரைத் தேடுகிறது.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒப்படைப்பு முடிந்த கையோடு அவர் ராஜினாமா செய்து, பராமரிப்பை எடுத்த அதே புதிய நிறுவனத்தில் சேர்ந்திருந்தார். அவர் ஃபைலை எடுத்துப் போயிருப்பார் என்று சந்தேகப்பட்ட என் கட்சிக்காரர் ரிலீவிங் லெட்டரைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டார். எடுத்துப் போனதற்குத் துளி ஆதாரமும் இல்லை. எடுத்திருந்தால் லாரி நின்றிருக்காது என்பதே எதிர் ஆதாரம். வேலையை விட்டவர் போட்டியாளரிடம் சேரக் கூடாது என்ற நிபந்தனை அவருடைய நியமனக் கடிதத்தில் இருந்தது. ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவில் அது செல்லாது என்று நானே கட்சிக்காரருக்குச் சொன்னேன். செல்லாத நிபந்தனையால் முடியாததை, கொடுக்காத கடிதம் செய்துமுடித்தது. பழைய இடத்துக் கடிதம் வரும்வரை புதிய இடத்தில் வேலை நிரந்தரமாகவில்லை.

இதோடு புதிய நிறுவனத்தின் வக்கீல் காட்டிய எச்சரிக்கையும் சேர்ந்துகொண்டது. இந்த எச்சரிக்கைக்கு அமெரிக்காவில் ஒரு வேர் உண்டு. 1980-களில் கம்ப்யூட்டர் அசோசியேட்ஸ் நிறுவனத்தை விட்டு ஆல்டாய் நிறுவனத்துக்குப் போன ஒரு நிரலாளர், பழைய இடத்துக் கோடைக் கையோடு கொண்டுபோய், புதிய நிரலில் சுமார் 30 சதவீதத்தை அதிலிருந்து எழுதிவிட்டார். 1988-இல் வழக்கு வந்த பிறகுதான் ஆல்டாய்க்கு விஷயம் தெரிந்தது. அந்த நிரலாளரை அறவே ஒதுக்கி, பழைய கோடைப் பார்த்திராத எட்டுப் பேரை வைத்து அந்தப் பகுதியை மறுபடி எழுதியது. முதல் வடிவத்துக்கு 3,64,444 டாலர் நஷ்டஈடு. திருத்தி எழுதிய வடிவத்தில் பதிப்புரிமை மீறல் இல்லை என்று 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றது. பார்த்தவரைத் தள்ளி வைத்துப் பார்க்காதவரைக் கொண்டு எழுதுவது மென்பொருள் வக்கீல்களின் பாடமாகிவிட்டது. புதிய நிறுவனம் அதை அப்படியே பின்பற்றி, லாரி கம்பெனி வேலைப் பக்கமே அந்தப் பெண்ணை அண்ட விடவில்லை. அறையில் விடை தெரிந்த ஒரே ஆள் அவர். அவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. வரம்புகளை ஏஜென்ட் ஒன்றாக்கியபோது அவர் அடுத்த மேசையில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த ஏற்பாட்டில் ஒரு விசித்திரம் உண்டு. ஒரு ஏஜென்ட் எதைப் பார்த்து வேலை செய்தது என்பதற்கு அதன் அமர்வுப் பதிவே சாட்சி. கொடுக்காத ஃபைலை அது படித்திருக்க முடியாது. மனிதருக்கு அப்படி ஒரு பதிவு கிடையாது. தெரியாது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை, தெரியும் என்று சொன்னால் திருடியதாகிவிடுகிறது. ஆகவே மறதியை நிரூபிக்கக்கூடிய இயந்திரத்தை விதி நம்புகிறது, நேர்மையை மட்டும் வைத்திருக்கும் ஆளை ஒதுக்குகிறது.

எதிர்தரப்பு அந்தப் பெண்ணைச் சாட்சியாக அழைத்தது. எதற்காக அந்த ஃபைலை எழுதினீர்கள் என்று நடுவர் கேட்டார். “தினமும் முதல்ல இருந்து சொல்ல வேண்டியிருந்தது சார். ரெண்டு ஏஜென்ட்டுக்கும் தனித்தனியா. நான் லீவு போட்டா அடுத்த ஆளுக்கும் தெரியாது. அதான் எழுதி வச்சேன். எழுதச் சொல்லி யாரும் சொல்லலை.” நான் என் கட்சிக்காரருக்காகக் கேட்க வேண்டியதைக் கேட்டேன்: அந்த ஃபைலில் இருப்பது இன்னும் நினைவில் இருக்கிறதா? “இருக்கு சார். மறக்கச் சொன்னா எப்படி சார் மறக்கிறது?” குறுக்கு விசாரணையில் இந்தப் பதில் எனக்குச் சாதகம். பதிவு செய்துகொண்டு உட்கார்ந்தேன்.

அந்த ஃபைல் சட்டப்படி யாருடையது என்று கணக்குப் போட்டால், எந்த வழியில் போட்டாலும் அவர் வெளியே நிற்கிறார். அவர் கையால் எழுதிய வரிகள், வேலையின் போக்கில் எழுதியவை என்பதால், பதிப்புரிமைச் சட்டத்தின் 17(சி) பிரிவில் முதலாளிக்கு. இன்று கற்றதைக் குறித்து வை என்று அவர் சொல்லி ஏஜென்ட் சேர்த்த வரிகளுக்கு, அந்தப் படைப்பு உண்டாகக் காரணமானவரே ஆசிரியர் என்கிறது 2(டி)(6). அது அவர்தான் என்று வைத்தாலும் உரிமை மறுபடி முதலாளியிடமே போய்ச் சேரும். இதில் எனக்குக் குறை இல்லை, சம்பளத்துக்குச் செய்த வேலை. என்னை உறுத்தியது வேறு. அவர் எதையும் எழுதாமல் எல்லாவற்றையும் தலையிலேயே வைத்திருந்தால், ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு அவரைக் காத்திருக்கும். தொழிலில் கற்ற அனுபவம் என்று சொல்லி நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போயிருப்பார். அடுத்தவருக்கு உதவட்டும் என்று எழுதி வைத்ததால் அது சொத்தாயிற்று. சொத்தானதால் அதற்கு எல்லை வந்தது, எல்லை வந்ததால் அவர்மேல் சந்தேகம் வந்தது. எழுதாத சோம்பேறிக்கு விதி கொடுக்கும் சுதந்திரத்தை, எழுதி வைத்த பொறுப்புள்ளவரிடமிருந்து பறித்துக்கொண்டது.

வழக்கைத் தீர்த்தது அதே ஆல்டாய் தீர்ப்பின் இன்னொரு பாதி. இரு நிரல்களை ஒப்பிடுவதற்கு முன், செயல்திறனுக்காக வேறு வழியின்றி வந்தவை, தொழிலின் தேவையாலும் வெளிச் சூழலாலும் வந்தவை, பொதுச் சொத்தானவை ஆகியவற்றைச் சலித்து எடுத்துவிட வேண்டும் என்றது அது. அதைச் சுட்டிக்காட்டி, ஃபைலை முழுதாகக் கொடு, முழுதாக மறு என்ற இரண்டுக்கும் நடுவே வழியுண்டு என்று வாதிட்டேன். நடுவர் இரு தரப்புப் பொறியாளர்களையும் எதிரெதிரே உட்காரவைத்து வரி வரியாகப் பிரிக்கச் சொன்னார். சட்டத்திலிருந்தும் லாரித் தொழிலிலிருந்தும் வந்த தகவல்கள் ஒரு பத்தி. அவற்றை யாரும் தனதென்று சொல்ல முடியாது, லாரி கம்பெனிக்குப் போகட்டும். இந்த மென்பொருளை ஏன் இப்படிக் கட்டினோம் என்ற காரணங்கள் இரண்டாம் பத்தி. அவை ஒப்பந்தம் சொன்ன ஆவணங்கள்தான், அவையும் போகட்டும். வேலைமுறையும் பிற வாடிக்கையாளர் விஷயமும் மூன்றாம் பத்தி. அவை என் கட்சிக்காரரிடமே இருக்கட்டும். எந்தப் பத்தியில் போடுவது என்று சண்டை வந்த வரிகள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. எதிரெதிரே உட்கார்ந்த பிறகு மனிதர்களுக்கு ஓரளவு வெட்கம் வந்துவிடுகிறது.

அதன் பிறகு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 30-ஆம் பிரிவில் சமரசம் ஆயிற்று. தவணையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தோம், எதிர்வழக்கை அவர்கள் திரும்பப் பெற்றார்கள். ரிலீவிங் லெட்டரைப் பற்றி நடுவர் எதுவும் உத்தரவிட முடியாது. அந்தப் பெண் ஒப்பந்தத்தில் கட்சி இல்லை, அவருடைய குறை நடுவர்முன் வழக்காக வரவும் இல்லை. அந்தக் கடிதத்தைக் கொடுப்பதையும் சமரச நிபந்தனையாகச் சேர்க்கலாம் என்று என் கட்சிக்காரரிடம் சொன்னேன். பெருந்தன்மையைக் காரணமாகச் சொல்லவில்லை. அந்தப் பெண் தனி வழக்குப் போட்டால் நாம் தோற்போம் என்றேன், அதுவும் உண்மைதான். கடிதம் போனது. அதற்குள் புதிய நிறுவனம் அவரை விட்டுவிட்டிருந்தது. வேறு ஊரில் வேறு வேலை தேடிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன்.

கருவிகளின் பக்கம் இந்தச் சிக்கல் ஓரளவு தீர்ந்துவருகிறது. ஒவ்வொரு ஏஜென்ட்டும் ஒவ்வொரு பெயரைத் தேடாமல் எல்லாம் ஒரே ஃபைலைப் படிக்கட்டும் என்று 2025-இல் ஏஜென்ட்ஸ் டாட் எம்டி என்ற பொதுப் பெயர் பரவியது. அந்த ஆண்டு டிசம்பரில் அது லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் உள்ள ஒரு பொது அமைப்பின் பொறுப்புக்குப் போனது. எங்கே படிப்பது என்பதில் உடன்பாடு வந்துகொண்டிருக்கிறது. படிப்பது யாருடையது என்பதைப் பற்றி அந்த ஏற்பாடு பேசுவதில்லை. அது பொறியாளர்களின் வேலையும் அல்ல, எங்கள் வேலை.

இப்போது மென்பொருள் ஒப்பந்தம் எழுதும்போது மூன்று ஷரத்துகளைச் சேர்க்கிறேன். ஏஜென்ட்டுக்கான குறிப்புகளை வாடிக்கையாளர் விஷயம், வேலைமுறை என்று முதல் நாளிலிருந்தே இரண்டு ஃபைல்களாக வைக்க வேண்டும். முதல் ஃபைல் கோடோடு சேர்ந்தே இருக்க வேண்டும், கோடோடு சேர்ந்தே கைமாற வேண்டும். அதை எழுதிய ஊழியர், தலையில் இருப்பதைக் கொண்டு அடுத்த இடத்தில் வேலை செய்வதற்காக அவர்மேல் இரு தரப்பும் நடவடிக்கை எடுக்கக் கூடாது. முதல் இரண்டும் பேச்சுவார்த்தையில் சிறு திருத்தங்களோடு தப்பிவிடுகின்றன. மூன்றாவதை எதிர்தரப்பு வக்கீல் அடிப்பார், அல்லது என் கட்சிக்காரரே அடிக்கச் சொல்வார். கையெழுத்துப் போடும் இருவரில் ஒருவருக்கும் அது தேவைப்படுவதில்லை. அடுத்த ஒப்பந்தத்தில் மறுபடி எழுதுகிறேன். தேவைப்படுகிறவருக்கு அந்த மேசையில் நாற்காலி போடும் வழக்கம் இன்னும் வரவில்லை; வரும்வரை அடிபடுவதற்காகவாவது அந்த வரி அங்கே இருக்க வேண்டும். எதை வேண்டாம் என்கிறோம் என்பதை இரு தரப்பும் ஒருமுறையேனும் வாசித்துவிட்டு அடிக்கட்டும்.